கிராஸ் கம்பைல் உடைந்தால்: அறிகுறியிலிருந்து பிளாட்ஃபார்ம் அமைப்புக்கு

நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேலாளரின் தொகுப்பான நிக்ஸ்பேக்கேஜஸில் ஒரு பேக்கேஜை எக்ஸ்86-64 கணினியில் (வழக்கமான 64-பிட் இன்டெல், ஏஎம்டி வகை) கட்டி அதிலேயே ஓட்டும்வரை, அதாவது நேட்டிவாகக் கட்டும்வரை, அதற்குள் இருக்கும் பிளாட்ஃபார்ம் தவறுகள் கண்ணில் படாது. எந்தப் பெயரைச் சொன்னாலும் அது ஒரே கணினியைத்தான் குறிக்கும் என்பதால் தவறான வரியும் வேலை செய்துவிடும். அதே பேக்கேஜை அதே கணினியில், 64-பிட் ஆர்ம் சிப் உள்ள ஏஆர்ச்64 போர்டுக்காகக் கட்டும்போதுதான், அதாவது கிராஸ் கம்பைல் செய்யும்போதுதான், ஒவ்வொன்றாக வெளியே வரும். அப்போது வரும் பிழைச்செய்தி உண்மையான இடத்தைக் காட்டுவது அரிது. தவறு இருப்பது சார்புப் பட்டியலில். செய்தி வருவதோ கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கரிடமிருந்து. ஆகவே திரையில் தெரிவதிலிருந்து பின்னோக்கிப் போவதுதான் வழி.

ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பொருள் எந்தக் கணினியில் ஓடப்போகிறது? கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்கு யாரோ தவறாகப் பதில் சொன்னதன் விளைவு, அல்லது பதிலை எழுதிவைக்காமல் விட்டதன் விளைவு.

மூன்று பெயர்கள், ஒரு குழப்பம்

பில்ட்பிளாட்ஃபார்ம் என்பது கட்டும் வேலை நடக்கும் கணினி. ஹோஸ்ட்பிளாட்ஃபார்ம் என்பது கட்டிமுடித்த பொருள் ஓடப்போகும் கணினி. டார்கெட்பிளாட்ஃபார்ம் என்பது, அந்தப் பொருளே ஒரு கம்பைலராகவோ லிங்கராகவோ இருந்தால், அது உருவாக்கித் தரும் நிரல் ஓடப்போகும் கணினி. கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகளை உருவாக்கும் க்னு ஆட்டோகான்ஃப் நெடுங்காலமாக வைத்திருக்கும் பெயர்களே இவை.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், எம்பெடட் துறையில் புழங்கும் பேச்சில் ஹோஸ்ட் என்றால் எழுதுபவரின் கணினி, டார்கெட் என்றால் கையில் இருக்கும் போர்டு. இங்கே அது பொருந்தாது. போர்டுதான் ஹோஸ்ட். அந்தப் பழக்கத்தோடு வருபவர் டார்கெட்பிளாட்ஃபார்மைப் பார்த்து முடிவெடுக்கும் நிரலை எழுதிவிடுவார். கம்பைலர், பின்யூட்டில்ஸ் போன்ற நிரல் உற்பத்திக் கருவிகளைத் தவிர வேறு எந்தப் பேக்கேஜிலும் டார்கெட்பிளாட்ஃபார்ம் என்ற சொல் இருந்தால் சந்தேகப்படுங்கள். அது ஹோஸ்ட்பிளாட்ஃபார்ம் என்று இருந்திருக்க வேண்டும்.

எதையும் திருத்தும் முன் மதிப்புகளைக் கண்ணால் பாருங்கள். நிக்ஸ் ரெப்ல் (நிக்ஸ் வரிகளைத் தட்டச்சிட்டு உடனே விடை பார்க்கும் கருவி) திறந்து, பேக்கேஜஸ்கிராஸ் தொகுப்பில் ஏஆர்ச்64-மல்டிபிளாட்ஃபார்ம் என்பதற்குள் இருக்கும் எஸ்டிடிஎன்வியை (பேக்கேஜ்களைக் கட்டும் அடிப்படைச் சூழல்) எடுத்து, அதன் பில்ட்பிளாட்ஃபார்ம் சிஸ்டத்தைக் கேட்டால் “எக்ஸ்86_64-லினக்ஸ்” என்றும், ஹோஸ்ட்பிளாட்ஃபார்ம் கான்ஃபிக்கைக் கேட்டால் “ஏஆர்ச்64-அன்னோன்-லினக்ஸ்-க்னு” என்றும் வர வேண்டும். சிஸ்டம் என்பது இரண்டு பகுதி கொண்ட நிக்ஸ் பெயர். கான்ஃபிக் என்பது கம்பைலர் உலகம் படிக்கும் நீண்ட பெயர். இவ்விரண்டும் ஒன்றல்ல, ஒன்று கேட்கும் இடத்தில் மற்றதைக் கொடுக்கக்கூடாது.

அறிகுறி: கட்டவே தொடங்கவில்லை, “ஏஆர்ச்64-லினக்ஸ் தேவை, நானோ எக்ஸ்86_64-லினக்ஸ்” என்கிறது

இது கிராஸ் கம்பைல் பிழையே அல்ல. நீங்கள் கிராஸ் கம்பைல் கேட்கவே இல்லை என்பதைத்தான் இந்தச் செய்தி சொல்கிறது. நிக்ஸ்பேக்கேஜஸை இம்போர்ட் செய்யும்போது சிஸ்டம் என்ற இடத்தில் ஏஆர்ச்64-லினக்ஸ் என்று கொடுத்தால், பில்ட், ஹோஸ்ட் இரண்டுமே ஏஆர்ச்64 ஆகிவிடும். அதாவது ஏஆர்ச்64 கணினியில் உட்கார்ந்து கட்டச் சொல்கிறீர்கள். அப்படிப்பட்ட கணினி பட்டியலில் இல்லாததால் நிக்ஸ் மறுக்கிறது.

கொடுக்க வேண்டியது இரண்டு: லோக்கல்சிஸ்டம் என்பதில் உங்கள் கணினி, கிராஸ்சிஸ்டம் என்பதில் போர்டு. நிக்ஸ்ஓஎஸ் அமைப்புக் கோப்பில் என்றால் நிக்ஸ்பேக்கேஜஸ் பிரிவின் கீழ் ஹோஸ்ட்பிளாட்ஃபார்ம் மட்டுமல்ல, பில்ட்பிளாட்ஃபார்மையும் எழுத வேண்டும். முதலாவதை மட்டும் எழுதினால் இரண்டாவது அதையே பின்பற்றிக்கொள்ளும். மீண்டும் இதே செய்தி வரும்.

கிராஸ் உண்மையிலேயே நடக்கிறதா என்று உறுதிசெய்ய எளிய அடையாளம் ஒன்று உண்டு. ஸ்டோர் பாதையில் (கட்டிய பொருளை நிக்ஸ் வைக்கும் இடம்) பேக்கேஜ் பெயருக்கும் பதிப்பு எண்ணுக்கும் நடுவே “ஏஆர்ச்64-அன்னோன்-லினக்ஸ்-க்னு” ஒட்டிக்கொண்டிருக்கும். ஹலோ பேக்கேஜைக் கட்டிப் பாருங்கள். பெயரில் அந்த ஒட்டு இல்லையென்றால், கட்டியது கிராஸ் அல்ல.

அறிகுறி: “எக்ஸெக் ஃபார்மேட் எரர்”

இதுதான் அதிகம் வருவது. போர்டுக்காகக் கட்டிய நிரலை உங்கள் கணினியில் ஓட்ட முயன்றிருக்கிறீர்கள். எந்த நிரல் என்று பதிவைப் பாருங்கள். பாதை அதிலேயே இருக்கும். அந்தப் பாதையின் பெயரில் ஏஆர்ச்64 ஒட்டு இருக்கிறதா, அல்லது அது பேக்கேஜே தன் மூலக் கோப்புறையில் இப்போதுதான் உருவாக்கிய கோப்பா என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

ஒட்டு இருந்தால், கட்டும்போது ஓட வேண்டிய கருவி தவறான பட்டியலில் இருக்கிறது. பைசன், சிமேக், கெட்டெக்ஸ்ட் போன்றவை நேட்டிவ்பில்ட்இன்புட்ஸில் இருக்க வேண்டும், பில்ட்இன்புட்ஸில் அல்ல. முதலாவது பட்டியலில் இருப்பது பில்ட் கணினியில் ஓடும். இரண்டாவதில் இருப்பது ஹோஸ்டில் ஓடும், அதாவது லிங்க் செய்யப்படும் லைப்ரரிகள். நேட்டிவ் கட்டுமானத்தில் இரண்டும் ஒன்றுதான் என்பதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

பட்டியல் சரியாக இருந்தும் பிழை வந்தால், கட்டுமானப் படிகளின் உள்ளே தேடுங்கள். டாலர் குறியும் நெளிவு அடைப்பும் போட்டு ஒரு பேக்கேஜின் பாதையை நேரடியாகச் சரத்தில் செருகியிருப்பார்கள். இது பலருக்குத் தெரியாத பொறி. சார்புப் பட்டியல்களில் ஒரு பெயரை எழுதினால் நிக்ஸ்பேக்கேஜஸ் அந்தப் பட்டியலைப் பார்த்து, சரியான பிளாட்ஃபார்முக்கான பிரதியைத் தானே எடுத்துக்கொள்ளும். இதற்கு ஸ்ப்ளைசிங் என்று பெயர். சரத்துக்குள் செருகும்போது அந்தத் தேர்வு நடக்காது. வந்து விழுவது எப்போதும் ஹோஸ்ட் பிரதிதான். கட்டும்போது ஓட்ட வேண்டுமானால் பில்ட்பேக்கேஜஸ் என்று முன்னால் வைத்து அதன் கீழிருந்து எடுங்கள். இல்லையேல் கருவியை நேட்டிவ்பில்ட்இன்புட்ஸில் போட்டுவிட்டு, படிகளில் வெறும் பெயரால் கூப்பிடுங்கள். இரண்டாவது வழி சுத்தமானது.

பேக்கேஜ் தானே உருவாக்கிய கோப்பு என்றால், அது ஜெனரேட்டர் வகை. சில பேக்கேஜ்கள் முதலில் ஒரு சிறு சி நிரலைக் கம்பைல் செய்து, அதை ஓட்டி, அது கக்கும் அட்டவணையை மெயின் நிரலோடு சேர்க்கும். அந்தச் சிறு நிரலுக்கு உங்கள் கணினிக்கான கம்பைலர் தேவை. டெப்ஸ்பில்ட்பில்ட் பட்டியலில் பில்ட்பேக்கேஜஸின் எஸ்டிடிஎன்வி சிசியைச் சேருங்கள். சேர்த்ததும் சிசி_ஃபார்_பில்ட் என்ற சூழல் மாறி கிடைக்கும். மேக்ஃபைலில் அந்த ஜெனரேட்டரைக் கட்டும் வரியில் சிசிக்குப் பதிலாக இதை வையுங்கள். மேக்ஃபைல் எழுதியவர் இரண்டு கம்பைலர் என்ற எண்ணமே இல்லாமல் எழுதியிருந்தால் சிறு பேட்ச் தேவைப்படும். அதை அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். எல்லா விநியோகங்களுக்கும் பயன்படும்.

கட்டிய நிரலை ஓட்டித்தான் மேன் பக்கத்தையோ ஷெல் நிரப்பிக் கோப்புகளையோ உருவாக்க வேண்டும் என்றால் மட்டும், வேறு கணினியின் நிரலை உங்கள் கணினியில் ஓட்டும் எமுலேட்டரை நாடுங்கள். ஹோஸ்ட்பிளாட்ஃபார்மின் எமுலேட்டர் என்ற செயல்கூறுக்குப் பில்ட்பேக்கேஜஸைக் கொடுத்தால் பொருத்தமான க்யூஇஎம்யூ கட்டளை கிடைக்கும். விண்டோஸுக்குக் கட்டினால் வைன் கிடைக்கும். இந்த வேலை தேவையா இல்லையா என்று முடிவெடுக்க, பில்டும் ஹோஸ்டும் வெவ்வேறா என்று ஒப்பிடாதீர்கள். ஹோஸ்டின் நிரலைப் பில்ட் கணினியால் ஓட்ட முடியுமா என்று சொல்லும் கேன்எக்ஸிகியூட் என்பதைக் கேளுங்கள். ஜிலிப்சி, மஸ்ல் இரண்டும் லிப்சிகள், அதாவது அடிப்படை சி லைப்ரரிகள். ஜிலிப்சி உள்ள எக்ஸ்86-64 கணினியிலிருந்து மஸ்ல் உள்ள எக்ஸ்86-64க்குக் கட்டும்போது பிளாட்ஃபார்ம் வேறுதான். ஆனால் நிரல் நன்றாக ஓடும். சோதனைகளை ஓட்டச் சொல்லும் டூசெக் போட்டிருந்தாலும் அவை ஓடுமா ஓடாதா என்பதை எஸ்டிடிஎன்வி இதை வைத்துத்தான் தீர்மானிக்கிறது.

இந்த அறிகுறி வராமல் போவதற்கும் ஒரு காரணம் உண்டு. அது பிழையைவிட மோசம். உங்கள் கணினியில் பின்எஃப்எம்டி (அந்நிய நிரலைத் தானாக எமுலேட்டரிடம் கொடுக்கும் லினக்ஸ் வசதி) வழியாக ஏஆர்ச்64 எமுலேஷன் இயக்கத்தில் இருந்தால், தவறான பட்டியலில் உள்ள கருவியும் சத்தமில்லாமல் ஓடிவிடும். மெதுவாக ஓடும், அவ்வளவுதான். உங்களிடம் கட்டும், அடுத்தவரிடம் உடையும். கிராஸ் அமைப்பைச் சோதிக்கும் கணினியில் அதை அணைத்து வைத்திருங்கள்.

அறிகுறி: “கமாண்ட் நாட் ஃபவுண்ட்”, அதுவும் நேட்டிவில் இருந்த கருவிக்கு

இரண்டு காரணங்கள் உண்டு. கிராஸ் கட்டுமானத்தில், சார்புப் பட்டியல்களைக் கண்டிப்பாகப் பிரிக்கும் ஸ்ட்ரிக்ட்டெப்ஸ் தானாகவே இயங்கும். நேட்டிவில் இயல்பாக அது அணைந்திருப்பதால் பில்ட்இன்புட்ஸில் உள்ள கருவிகளும் பாத் மாறியில் நுழைந்துவிடும். கிராஸில் நுழையாது. ஆகவே நேட்டிவ் கட்டுமானத்திலேயே ஸ்ட்ரிக்ட்டெப்ஸை ட்ரூ என்று வைத்துக் கட்டிப் பாருங்கள். கிராஸ் கம்பைலரைக் கட்டக் காத்திருக்காமல் சார்புத் தவறுகளில் பாதியைச் சில நிமிடங்களில் பிடித்துவிடலாம். புதிய பேக்கேஜ் எழுதும் ஒவ்வொருவரும் முதல் நாளிலேயே இந்த வரியைச் சேர்க்க வேண்டும்.

மற்றது முன்னொட்டு. கிராஸ் கம்பைலரின் பெயர் வெறும் ஜிசிசி அல்ல, “ஏஆர்ச்64-அன்னோன்-லினக்ஸ்-க்னு-ஜிசிசி”. ஏஆர், எல்டி (லிங்கர்), ஸ்ட்ரிப் (நிரலிலிருந்து தேவையற்ற பெயர்களை நீக்கும் கருவி), பேக்கேஜ்-கான்ஃபிக் எல்லாவற்றுக்கும் இதே முன்னொட்டு உண்டு. எஸ்டிடிஎன்வி சிசி, ஏஆர், ஸ்ட்ரிப் ஆகிய மாறிகளில் சரியான பெயரை ஏற்றுமதி செய்கிறது. ஆனால் மேக்ஃபைலில் “சிசி சமம் ஜிசிசி” என்று நேரடியாக எழுதியிருந்தால், அது சூழல் மாறியை வென்றுவிடும். மேக்ஃபிளாக்ஸில் சிசிக்கு, எஸ்டிடிஎன்வி சிசியின் டார்கெட்ப்ரிஃபிக்ஸையும் அதன் பின்னே சிசி என்ற பெயரையும் ஒட்டிக் கொடுங்கள். நேட்டிவில் அந்த முன்னொட்டு வெற்றுச் சரம் என்பதால் ஒரே வரி இரண்டுக்கும் போதும்.

லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பேக்கேஜ்-கான்ஃபிக்கை வெறும் பெயரால் கூப்பிடும் மேக்ஃபைல்களில் பேக்கேஜ்_கான்ஃபிக் என்ற மாறியை வைக்கச் சொல்லுங்கள். ஆட்டோகான்ஃப் பயன்படுத்துபவர்கள் பேக்கேஜ்-கான்ஃபிக்குக்கென்றே உள்ள பிகேஜி_ப்ராக்_பிகேஜி_கான்ஃபிக் மேக்ரோவைப் போட்டிருந்தால், அது முன்னொட்டோடு தானே தேடிக்கொள்ளும். ஏசி_பாத்_ப்ராக் போட்டிருந்தால் தேடாது. அதை ஏசி_பாத்_டூல் என்று மாற்றினால் போதும்.

அறிகுறி: தலைப்புக் கோப்பு இல்லை, “ஸ்கிப்பிங் இன்கம்பேட்டிபிள்”, “ஃபைல் இன் ராங் ஃபார்மேட்”

இவை மூன்றும் உறவினர். சி கம்பைலர் இசட்லிப் தலைப்புக் கோப்பைக் காணோம் என்றால், லைப்ரரியை நேட்டிவ்பில்ட்இன்புட்ஸில் போட்டிருக்கிறீர்கள். முந்தைய பிழையின் மறுபக்கம் இது. சில பேக்கேஜ்களை இரண்டிலும் போட வேண்டியிருக்கும்: க்யூடி, பைதான் போன்றவை கட்டும்போது ஓடும் கருவியையும் லிங்க் செய்யும் லைப்ரரியையும் சேர்த்தே தருபவை. இரண்டு பட்டியலிலும் ஒரே பெயரை எழுதுவது தவறல்ல. இரண்டும் வெவ்வேறு பிரதிகளாகவே வந்து சேரும்.

“ஸ்கிப்பிங் இன்கம்பேட்டிபிள்” என்று தொடங்கி, ஒரு லைப்ரரிப் பாதையைச் சொல்லி, அடுத்த வரியில் லைப்ரரி கிடைக்கவில்லை என்று முடிந்தால், எங்கோ பெரிய எல் கொடியுடன் நேரடிப் பாதை கொடுக்கப்பட்டிருக்கிறது. லிங்கர் சொல்லும் பாதையில் ஏஆர்ச்64 ஒட்டு இருக்காது. அந்தப் பாதை எங்கிருந்து வந்தது என்று கான்ஃபிகர் பதிவில் தேடுங்கள்.

“ரிலொகேஷன்ஸ் இன் ஜெனரிக் எல்ஃப்” என்ற செய்தியில் ஈஎம் என்று ஓர் எண் வரும். அந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 183 என்றால் ஏஆர்ச்64. 62 என்றால் எக்ஸ்86-64. 40 என்றால் 32-பிட் ஆர்ம். 243 என்றால் ரிஸ்க்-வி. உங்கள் கணினியின் லிங்கர் 183 பற்றிப் புகார் செய்தால், கம்பைல் சரியான கருவியால் நடந்திருக்கிறது. லிங்க் மட்டும் வெறும் எல்டியால் நடந்திருக்கிறது. எல்டி என்று நேரடியாக எழுதிய வரியைத் தேடிப் பிடியுங்கள். ஏஆர்ச்64 லிங்கர் 62 பற்றிப் புகார் செய்தால் தலைகீழ்: ஏதோ ஓர் ஆப்ஜெக்ட் கோப்பு வெறும் ஜிசிசியால் கட்டப்பட்டிருக்கிறது.

நிறுவும் கட்டத்தில் ஸ்ட்ரிப் “அன்ஏபிள் டு ரெகக்னைஸ் தி ஃபார்மேட்” என்றால், மேக்ஃபைலில் இன்ஸ்டால் கட்டளைக்கு எஸ் கொடி போட்டிருக்கிறார்கள். அந்தக் கொடியை எடுத்துவிடுங்கள். ஸ்ட்ரிப் வேலையை எஸ்டிடிஎன்வி பிறகு சரியான கருவியால் செய்துவிடும்.

அறிகுறி: கான்ஃபிகர் நிற்கிறது, அல்லது நிற்காமல் பொய் சொல்கிறது

“கேனாட் ரன் டெஸ்ட் ப்ரோக்ராம் வைல் கிராஸ் கம்பைலிங்” என்று நின்றால் நல்லது. குறைந்தபட்சம் எந்தச் சோதனை என்று தெரிகிறது. அதற்கு மேலே உள்ள “செக்கிங்” வரியைப் பார்த்து, கான்ஃபிகர் கோப்பில் அந்தச் சோதனையின் ஏசி_சிவி என்று தொடங்கும் மாறியைக் கண்டுபிடியுங்கள். கான்ஃபிகர்ஃபிளாக்ஸில் அந்த மாறிக்கு விடையைக் கொடுங்கள். விடையை யூகிக்காதீர்கள். ஹோஸ்டின் லிப்சி எது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

நிற்காமல் பொய் சொல்லும் வகைதான் நேரம் தின்பது. எல்லாம் கம்பைல் ஆகி, கடைசியில் லிங்கர் “அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்” என்று ஆர்பிஎல்_மேலாக் என்ற பெயரைச் சொல்லும். அப்படியொரு செயல்கூறை நீங்கள் எழுதவே இல்லை. நடந்தது இது: மேலாக்குக்குப் பூஜ்ஜியம் கொடுத்தால் வெற்றுச் சுட்டி வருமா என்று ஆட்டோகான்ஃப் ஒரு நிரலை ஓட்டிப் பார்க்க விரும்பியது. கிராஸில் ஓட்ட முடியாததால் மோசமான விடையை எடுத்துக்கொண்டு, மேலாக் என்ற பெயரையே ஆர்பிஎல்_மேலாக் என்று மாற்றி எழுதிவிட்டது. மாற்றுச் செயல்கூறையோ யாரும் தரவில்லை. ஏசி_சிவி_ஃபங்க்_மேலாக்_0_நான்நல் என்ற மாறிக்கு யெஸ் என்று கொடுத்தால் தீரும். ரியலாக்குக்கும் இதே கதை. அதற்கு இணையான மாறி உண்டு.

எல்லாச் சோதனையும் இப்படி உடைவதில்லை. லாங் எத்தனை பைட் என்பது போன்றவற்றை ஆட்டோகான்ஃப் கம்பைல் செய்தே கண்டுபிடித்துவிடும்; ஓட்ட வேண்டியதில்லை. ஆகவே எல்லா மாறிகளையும் முன்கூட்டியே திணிக்கும் நீண்ட பட்டியல்களைப் பார்த்து நகலெடுக்காதீர்கள். உடைந்ததற்கு மட்டும் விடை கொடுங்கள்.

கான்ஃபிகர் “ஹோஸ்ட் என்ற விருப்பம் தெரியாது” என்றால், அது ஆட்டோகான்ஃப் உருவாக்கியது அல்ல. கையால் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட். கிராஸில் மட்டும் பில்ட், ஹோஸ்ட் விருப்பங்கள் சேர்வதால் நேட்டிவில் இது தெரியாது. கான்ஃபிகர்பிளாட்ஃபார்ம்ஸை வெற்றுப் பட்டியலாக வையுங்கள். “மெஷின் நாட் ரெகக்னைஸ்ட்” என்றால் பேக்கேஜோடு வந்த கான்ஃபிக்-சப் கோப்பு அந்தக் கட்டமைப்பு பிறப்பதற்கு முன் எழுதப்பட்டது. ஆட்டோரீகான்ஃப்ஹூக்கைச் சேர்த்தால் புதிதாகிவிடும்.

மெசான் என்ற கட்டுமானக் கருவி “எக்ஸி_ராப்பர் தேவை” என்று சொன்னால், நேட்டிவ்பில்ட்இன்புட்ஸில் மெசான்எமுலேட்டர்ஹூக்கைச் சேருங்கள். கேன்எக்ஸிகியூட் பொய்யாக இருக்கும்போது மட்டும் சேரும்படி நிபந்தனை போடுங்கள். சிமேக் ட்ரை_ரன் பற்றிப் பேசினால், அது எந்தக் கேஷ் மாறிகளை நிரப்ப வேண்டும் என்று பெயரோடு சொல்லும். அவற்றை சிமேக்ஃபிளாக்ஸில் கொடுத்தால் போதும்.

அறிகுறி: தெரியாத கொடி, தெரியாத டார்கெட்

“அன்ரெகக்னைஸ்ட் கமாண்ட்-லைன் ஆப்ஷன்” என்று ஜிசிசி எம்64 கொடியைச் சொன்னால், பேக்கேஜ் யூநேம் கட்டளையை ஓட்டி உங்கள் கணினி எது என்று பார்த்திருக்கிறது. யூநேம் எப்போதும் பில்ட் கணினியைத்தான் சொல்லும். மேக்ஃபைலில் அந்த விடையைப் பிடிக்கும் மாறிக்கு வெளியிலிருந்து மதிப்புக் கொடுங்கள்.

எந்த மதிப்பு என்பதுதான் இடறும் இடம். ஒரே சிப்புக்கு ஒவ்வொரு கூட்டமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. நிக்ஸும் ஜிசிசியும் ஏஆர்ச்64 என்கின்றன. லினக்ஸ் கெர்னலும் கோ மொழியும் ஆர்ம்64 என்கின்றன. 32-பிட் எக்ஸ்86ஐ நிக்ஸ் ஐ686 என்கிறது. கோ 386 என்கிறது. நிக்ஸ் ஆர்ம்வி7எல் என்று எழுதுவதை ரஸ்ட் ஆர்ம்வி7 என்று எழுதும். அந்த ஒரு எல் எழுத்து கூடினால் ரஸ்ட் அப்படியொரு டார்கெட்டே இல்லை என்கிறது. சரத்தை வெட்டி ஒட்டி நீங்களே பெயர் உருவாக்காதீர்கள். ஹோஸ்ட்பிளாட்ஃபார்முக்குள்ளேயே கெர்னலுக்கு லினக்ஸ்ஆர்ச், கோவுக்கு அதன் கோஆர்ச், ரஸ்டுக்கு ரஸ்ட்சிடார்கெட் எனத் தனித்தனிப் புலங்கள் இருக்கின்றன.

அறிகுறி: நன்றாகக் கட்டியது, போர்டில் ஓடவில்லை

“நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி” என்று வரும். கோப்போ கண்ணெதிரே இருக்கும். காணாமல் போனது நிரல் அல்ல. அதை ஏற்றும் லோடர். ரீட்எல்ஃப் கட்டளையைச் சிறிய எல் கொடியுடன் ஓட்டி இன்டர்ப்ரெட்டர் வரியைப் பாருங்கள். நிக்ஸ் கட்டிய நிரலில் அது ஸ்டோருக்குள் இருக்கும் பாதை. அந்த ஒரு கோப்பை மட்டும் போர்டுக்கு நகலெடுத்தால் லோடர் கூட வராது. நிக்ஸ் காப்பியால் முழு குளோஷரையும் (நிரலும் அதன் எல்லாச் சார்புகளும்) அனுப்புங்கள். போர்டில் நிக்ஸ் இல்லையென்றால் பேக்கேஜஸ்ஸ்டாட்டிக் வழியாக ஸ்டாட்டிக்காகக் கட்டுங்கள்.

ஸ்கிரிப்ட் கோப்பு “பேட் இன்டர்ப்ரெட்டர்” என்றால் அதன் முதல் வரியைப் பாருங்கள். உங்கள் கணினியின் பாஷ் பாதை அங்கே இருக்கும், அல்லது மாற்றப்படாத பழைய வரியே இருக்கும். கிராஸில் நிறுவப்படும் ஸ்கிரிப்டுகளுக்கான பாஷை, பேட்ச்ஷீபேங்ஸ் ஹோஸ்ட் பாதையில்தான் தேடும். பில்ட்இன்புட்ஸில் பாஷைச் சேருங்கள். கட்டும்போது ஓடும் ஸ்கிரிப்டுக்கு பேட்ச்ஷீபேங்ஸை பில்ட் விருப்பத்தோடு கூப்பிடுங்கள்.

“இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்” வந்தால் கட்டமைப்பின் குடும்பம் சரி, தலைமுறை தவறு. 32-பிட் ஆர்மில் இது சகஜம். 2012இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பையின் சிப் ஆர்ம்வி6. 2015இல் வந்த பை 2 ஆர்ம்வி7. இரண்டுக்கும் கான்ஃபிக்கின் வால் க்னுஇஏபிஐஹெச்எஃப் என்றே முடியும். லோடர் பெயரும் ஒன்றே. ஆகவே ஆர்ம்வி7க்குக் கட்டிய நிரல் பழைய போர்டில் ஏறிவிடும். ஏறி, முதல் புதிய கட்டளையில் விழும். ரீட்எல்ஃபைப் பெரிய ஏ கொடியுடன் ஓட்டினால் “டேக்_சிபியு_ஆர்ச்” என்ற வரியில் வி6 அல்லது வி7 என்று இருக்கும். போர்டுக்கு அனுப்பும் முன்பே இதைப் பார்க்கலாம்.

அதே பட்டியலில் “டேக்_ஏபிஐ_விஎஃப்பி_ஆர்க்ஸ்” என்ற வரி இருந்தால், மிதவைப் புள்ளி எண்கள் விஎஃப்பி (ஆர்ம் சிப்பின் மிதவைப் புள்ளிப் பகுதி) ரெஜிஸ்டர்கள் வழியாகப் போகின்றன, அதாவது ஹார்ட் ஃப்ளோட். இல்லாவிட்டால் பெரும்பாலும் சாஃப்ட். இரண்டையும் கலந்தால் லிங்கர் “யூசஸ் விஎஃப்பி ரெஜிஸ்டர் ஆர்குமென்ட்ஸ்” என்று ஒரு கோப்பையும், “டஸ் நாட்” என்று மற்றதையும் காட்டி நிற்கும். வெளியிலிருந்து எடுத்த ஆயத்த பைனரி ஒன்று உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். மூலத்திலிருந்து கட்டுவதைத் தவிர வழியில்லை.

அறிகுறி: ஒரு சிறு பேக்கேஜுக்காக உலகமே மறுபடி கட்டப்படுகிறது

ஏற்கெனவே கட்டியவற்றை நிக்ஸ் இறக்கிக்கொள்ளும் பொதுக் கேஷில் ஏஆர்ச்64க்கு நேட்டிவாகக் கட்டியவை இருக்கின்றன. கிராஸில் கட்டியது வேறு டெரிவேஷன் (கட்டும் செய்முறை), வேறு ஹாஷ். அவை பெரும்பாலும் அங்கே கிடைக்காது. முதல் தடவை கிராஸ் ஜிசிசியும் லிப்சியும் கட்டப்படுவது இயல்பு. ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஜிசிசி மறுபடி கட்டப்பட்டால், கிராஸ்சிஸ்டத்தில் ஏதோ ஒரு புலத்தை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஜிசிசி பிரிவின் ஆர்ச் (சிப்பின் தலைமுறை), எஃப்பியு (மிதவைப் புள்ளிப் பகுதியின் வகை) ஆகியவை ஜிசிசியைக் கட்டும்போதே அதன் இயல்புநிலையாக உள்ளே வைக்கப்படுகின்றன. அவற்றில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கம்பைலரிலிருந்து தொடங்கி எல்லாம் மாறும். ஒரே ஒரு பேக்கேஜுக்கு வேகமான கட்டளைகள் வேண்டுமென்றால் அந்தப் பேக்கேஜின் கம்பைல் கொடிகளில் கொடுங்கள். பிளாட்ஃபார்மைத் தொடாதீர்கள்.

அமைப்பை எழுதிவைப்பது

மேலே சொன்னவற்றில் பலவும் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம், பிளாட்ஃபார்ம் பதிவில் மதிப்பு இருக்கிறது, காரணம் இல்லை என்பதே. ஆர்ம்வி7க்கான பொது அமைப்பில் எஃப்பியு விஎஃப்பிவி3-டி16 என்று இருக்கிறது. நியான் (ஆர்மின் வேகக் கட்டளைத் தொகுதி) என்று வைத்தால் வேகம் கூடுமே என்று அடுத்து வருபவர் மாற்றிவிடுவார். டெக்ரா 2 என்ற சிப் ஆர்ம்வி7தான். அதில் நியான் கிடையாது. இந்த ஒரு வாக்கியம் அருகில் இருந்தால் அந்த மாற்றம் நடக்காது.

ஆகவே ஒவ்வொரு புலத்துக்கும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: மதிப்பு, அதைப் படிப்பது யார், ஏன் இந்த மதிப்பு, தவறானால் என்ன தெரியும். முதல் ராஸ்பெர்ரி பைக்கு அது இப்படி இருக்கும்:

“ஜிசிசி ஆர்ச்: ஆர்ம்வி6கேஇசட். படிப்பது: ஜிசிசி கட்டுமானம், வித்-ஆர்ச் விருப்பமாக. ஏன்: போர்டில் உள்ள சிப் ஆர்ம்1176ஜேஇசட்எஃப்-எஸ். உயர்த்தினால்: கட்டும், போர்டில் இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன். மாற்றினால்: முழு மறுகட்டுமானம்.”

“எஃப்பியு: விஎஃப்பிவி2. படிப்பது: மேற்படியே. ஏன்: இந்தச் சிப்பில் நியான் இல்லை, விஎஃப்பிவி3உம் இல்லை.”

யார் படிக்கிறார்கள் என்ற வரியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அதுவே மிகவும் தேவை. கான்ஃபிக்கைக் கான்ஃபிகரும் கம்பைலரும் படிக்கின்றன. சிஸ்டத்தை, எந்தக் கணினியில் கட்டலாம் என்று முடிவெடுக்கும் நிக்ஸ் படிக்கிறது. லினக்ஸ்-கெர்னல் பிரிவை முக்கியமாகக் கெர்னல் கட்டுமானம் படிக்கிறது. யார் படிக்கிறார்கள் என்று தெரிந்தால், எதை மாற்றினால் எது உடையும் என்பது படிக்கும்போதே விளங்கும்.

கான்ஃபிக்கிலிருந்து தானே வருவிக்கப்படும் புலங்களை மறுபடி கையால் எழுதாதீர்கள். லிப் சிஸ்டம்ஸில் உள்ள எலாபரேட் அவற்றை நிரப்பும். கிராஸ்சிஸ்டத்தில் கான்ஃபிக் ஒன்றை மட்டும் கொடுத்துப் பாருங்கள். இஸ்லினக்ஸ், இஸ்ஏஆர்ச்64, லிப்சி எல்லாம் வந்துவிடும். கையால் எழுதிய பிரதி ஒருநாள் மூலத்தோடு முரண்படும். பேக்கேஜுக்குள்ளும் சிஸ்டம் சரத்தை ஒப்பிடுவதைவிட இஸ் என்று தொடங்கும் இந்தக் கேள்விகளையே பயன்படுத்துங்கள்.

எழுதியதைச் சரிபார்க்க மூன்று கட்டுமானங்கள் போதும். ஸ்ட்ரிக்ட்டெப்ஸ் இயங்கும் நேட்டிவ் ஒன்று. பின்எஃப்எம்டி அணைந்த கணினியில் ஏஆர்ச்64 மல்டிபிளாட்ஃபார்ம் ஒன்று. பேக்கேஜஸ்கிராஸில் மஸ்ல்64 ஒன்று. மூன்றாவதில் கேன்எக்ஸிகியூட் உண்மை என்பதால், டூசெக் போட்டிருந்தால் சோதனைகள் ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் பேக்கேஜில் எங்கோ பில்டையும் ஹோஸ்டையும் நேரடியாக ஒப்பிட்டிருக்கிறார்கள். இரண்டாவதில் கிடைத்த நிரலை ரீட்எல்ஃப் ஹெச் கொடியால் திறந்து மெஷின் வரியைப் பாருங்கள். ஏஆர்ச்64 என்று இருந்தால் போர்டுக்கு அனுப்பலாம்.